பஞ்சர் ஒட்டிய ரிமோட்

மலைப் பேருந்தில் கம்ப்யூட்டரைக் கொண்டுபோவதென்றால் கிராபிக்ஸ் கார்டைத் தனியாகக் கழற்றிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் மற்ற பாகங்கள் எல்லாம் நாலு பக்கமும் திருகி இறுக்கப்பட்டிருக்கும். கார்டு மட்டும் கனமானது. ஒரு நீளமான பிளவில் செருகி, ஓரத்தில் ஒரே ஒரு திருகோடு நிற்கும், பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பவரைப் போல. ஆலங்காயம் தாண்டிக் காவலூர் வரை உள்ள வளைவுகளில் அந்த ஒரு கை நழுவிவிடும். அதனால் கார்டைத் துவாலையில் சுற்றித் தோள்பையில் வைத்துக்கொண்டு, பெட்டியைக் கால்களுக்கு நடுவே இடுக்கியிருந்தேன். நடத்துனர் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

முதல் திருகிலிருந்து கடைசித் திருகு வரை நான் தனியாகச் சேர்த்த முதல் கம்ப்யூட்டர் அது. வாணியம்பாடியில் என் அண்ணன் வக்கார் நடத்தும் கம்ப்யூட்டர் கடையில் தங்கை நானும் வேலை செய்கிறேன். தோல் கம்பெனி அலுவலகங்கள் கணக்கு எழுதி முடித்துக் கழித்துவிடும் பழைய கம்ப்யூட்டர்கள் எங்களிடம் வரும். அவற்றில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கி, தூசி தட்டி, நினைவகத்தைக் கூட்டி, யாரோ விளையாடி முடித்த கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகினால் குறைந்த செலவில் கேம் ஆடும் கம்ப்யூட்டர் தயார். சொல்லும்போது சுலபம். எந்தக் கார்டு எவ்வளவு கரண்ட் குடிக்கும், அதைப் பழைய பவர் சப்ளை தாங்குமா என்று பார்க்கவே எனக்கு ஒரு வாரம் ஆனது.

அதை வாங்கியவள் அம்சவல்லி, கல்லூரியில் மூன்று வருடம் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். காவலூரைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில் அவள் ஊர். வாரத்தில் ஆறு நாள் சாமை அரைக்கும் மில்லில் வேலை. ஏழாம் நாளிலும், அந்த ஆறு நாளின் மிச்ச நேரங்களிலும் போனில் கார் பந்தயம். அதில் அவள் சாதாரண ஆள் இல்லை. ஐந்து பெண்கள் சேர்ந்த ஓர் அணி தமிழ்நாட்டுப் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. நாலு பேர் கிடைத்துவிட்டார்கள். ஐந்தாவது இடத்துக்கு அம்சவல்லியின் பெயரும் இருந்தது. ஆனால் போட்டி போனில் இல்லை, கம்ப்யூட்டரில். அணித் தலைவி நதியா திருநெல்வேலியிலிருந்து தெளிவாகச் சொல்லிவிட்டாள்: ஞாயிறு மதியம் மூன்று மணிக்குச் சோதனை. மூன்று சுற்று ஓட்டலாம், சிறந்த சுற்று இரண்டு நிமிடம் பத்து வினாடிக்குள் இருக்க வேண்டும். தினமும் எந்த இடத்தில், எந்தக் கம்ப்யூட்டரில் பயிற்சி செய்யப்போகிறாளோ அதிலேயே ஓட்டிக் காட்ட வேண்டும்.

எங்கள் கடை மானிட்டரில் உட்கார்ந்து அம்சவல்லி இரண்டு நிமிடம் ஒன்பது வினாடியில் ஓட்டிவிட்டாள். அவளுக்குத் திறமை இருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் வாங்கிய கையோடு மானிட்டரும் வாங்க அவளால் முடியவில்லை. அப்போதுதான் நான் சொன்னேன், மானிட்டர் வேண்டாம், வூட்டு டிவியே போதும் என்று. பின்னால் நின்ற வக்கார் சிரித்தான். டிவி பார்ப்பதற்கு, மானிட்டர் ஆடுவதற்கு, அந்தப் பொண்ணு அடுத்த வாரமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறது என்றான். டிவி போதும் என்ற வார்த்தை என்னுடையது. நான் பேருந்தில் போன அந்த ஞாயிறன்று அம்சவல்லிக்கு ஐந்தாவது இடம் கிடைக்காவிட்டால் காரணம் அந்த வார்த்தையாகத்தான் இருக்கும்.

காவலூரில் காத்திருந்த அம்சவல்லியின் ஸ்கூட்டியில் ஏற்றி, பதினொரு மணிக்கு அவள் வீட்டில் பெட்டியை இறக்கினோம். முப்பத்திரண்டு அங்குல எல்இடி டிவி, சுவரில். அதன் பின்பக்கம் எச்டிஎம்ஐ துளைகள் இரண்டு. ஒன்றில் டிஷ் பெட்டி, இன்னொன்று காலி. மனசுக்குள் வக்காருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கார்டைச் செருகினேன், திருகினேன், கேபிளைக் காலித் துளையில் மாட்டினேன். கம்ப்யூட்டரின் மின்விசிறி ஓடியது. டிவியில் படம் வரவில்லை. வராதுதான். டிவி இன்னும் டிஷ் பெட்டியின் துளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. ரிமோட்டில் சோர்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அமுக்கினால் அடுத்த துளையைப் பார்க்கும்.

ரிமோட் அம்சவல்லியின் அம்மா மங்கம்மாளிடம் இருந்தது. அந்த வீட்டில் டிவி மங்கம்மாளுடையது. சாமை விற்ற காசில் அவர் வாங்கியது, அதில் யார் எதைப் பார்ப்பது என்பதும் அவர் முடிவு. ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, உறைக்கு மேல் ரப்பர் பேண்டு. கண்ணாடி போடாமலே தெரியட்டும் என்று ஆன் செய்யும் பொத்தானில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு, சத்தத்துக்கு இரண்டு பச்சைப் பொட்டு. சோர்ஸ் பொத்தானைத் தேடினேன். இரண்டு தடவை மேலிருந்து கீழ் வரை தடவினேன். அது இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான கறுப்பு வட்டம்தான் இருந்தது. கம்பெனிக்காரன் வைத்த அலங்காரம் என்று நினைத்தேன். டிவியின் அடியில் கையை விட்டுப் பார்த்தேன். அங்கே இருக்க வேண்டிய பொத்தான் மீதும் அதே வழவழப்பு.

"அது அப்பா போட்ட ஒட்டு," என்றாள் அம்சவல்லி, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அவள் அப்பா அர்ச்சுனன் தன் மொபெட்டுக்குத் தானே பஞ்சர் போடுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் யாரோ தெரியாமல் சோர்ஸை அமுக்கி டிவி நீலமாகிவிட்டது. நாலு நாள் படம் இல்லை. மலைக்குக் கீழே இருந்து ஒரு மெக்கானிக் வந்து சரிசெய்துவிட்டுப் போனார். அதன்பிறகு அர்ச்சுனன் டியூபுக்கு ஒட்டும் ரப்பர் வட்டத்தை வெட்டி, சொல்யூஷன் தடவி, அந்தப் பொத்தானை ஒரேயடியாக மூடிவிட்டார். டிவிக்கு அடியிலும் விடவில்லை.

"அத்த அமுக்குனா படம் பூடும்மா," என்றார் வாசலில் நின்ற அர்ச்சுனன். "ரெண்டு வருசமா ஒரு நாளு படம் போவல. ஒட்டு அப்படி."

உண்மையில் ஒட்டு அப்படித்தான் இருந்தது. நகத்தால் சுரண்டினேன், அசையவில்லை.

எனக்கு ஒரு விஷயம் தெரிந்தால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. டிவியை ஒரு ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று ஆரம்பித்தேன். சுவரில் இரண்டு சன்னல். ஒன்றுக்கு வெளியே டிஷ் பெட்டி, இன்னொன்றுக்கு வெளியே யாரும் இல்லை. சோர்ஸ் என்பது அந்த ஆளை ஒரு சன்னலிலிருந்து இன்னொரு சன்னலுக்கு நகர்த்தும் பொத்தான். அன்றைக்கு அவர் ஆள் இல்லாத சன்னலுக்குப் போய் நின்றுவிட்டார், அவ்வளவுதான். படம் எங்கேயும் போகவில்லை, பழைய சன்னலுக்கு வெளியிலேயே காத்துக்கொண்டிருந்தது.

அர்ச்சுனன் ரிமோட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "அப்போ அந்த மெக்கானிக்கு இன்னாத்த ரிப்பேர் பண்ணான்?"

"அதே பட்டனை இன்னொரு தடவ அமுக்கியிருப்பாருங்க."

"அதுக்கு ஒரு கோழி வேற அடிச்சிப் போட்டோமே," என்றார் மங்கம்மாள்.

அர்ச்சுனன் வெளியே போய், பஞ்சில் கொஞ்சம் பெட்ரோலும் ஒரு பிளேடும் கொண்டுவந்தார். ஒட்டை அவர் கையாலேயே எடுத்தார். ரப்பர் சொல்யூஷன் பெட்ரோலில் இளகும், ஆனால் பிளாஸ்டிக்கும் கொஞ்சம் இளகும், ரொம்பத் தேய்க்காதீங்க என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். யாராவது நல்ல பொத்தானைப் போய் மூடுவார்களா என்று அம்சவல்லியிடம் மெதுவாகக் கேட்டேன். அவள் கம்ப்யூட்டரின் முதுகைக் காட்டினாள். அங்கே இரண்டு எச்டிஎம்ஐ துளைகள். கீழே இருப்பது கார்டுடையது. மேலே இருப்பது பழைய போர்டுடையது, அதில் செருகினால் கார்டு வேலை இல்லாமல் சும்மா கிடக்கும். அவள் தவறி அதில் செருகிவிடக் கூடாதே என்று நான்தான் மேல்துளைக்கு இரண்டு சுற்று கறுப்பு டேப் ஒட்டியிருந்தேன்.

"நீ ஒட்னா டெக்னீசியன், எங்கப்பா ஒட்னா பட்டிக்காடாடீ?" என்றாள்.

சோர்ஸை அமுக்கினேன். கம்ப்யூட்டரின் படம் சுவர் நிறைய வந்தது. கடையில் பதினெட்டு அங்குலத்தில் பார்த்த அதே மலைப்பாதை, அதே சிவப்புக் கார், இங்கே சன்னல் அளவுக்கு இருந்தது. மங்கம்மாள் பாயை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அப்போதே ஒன்றைக் கவனித்தேன். படத்தின் நாலு ஓரமும் கொஞ்சம் வெட்டுப்பட்டிருந்தது. மேல் மூலையில் ஓடும் கடிகாரம் பாதிதான் தெரிந்தது. பழைய குழாய் டிவிகளில் படத்தின் ஓரம் பிசிறடிக்கும், அதை மறைக்கப் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி ஓரத்தைச் சட்டத்துக்கு வெளியே தள்ளுவார்கள். குழாய் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. புது டிவிகளும் அதையே செய்கின்றன. அது அழகுப் பிரச்சினை, அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

அம்சவல்லி முதல் சுற்றை ஓட்டினாள். மூன்றாவது வளைவில் சுவரில் இடித்தாள். மறுபடியும் ஓட்டினாள், மறுபடியும் அதே வளைவு. ஐந்து சுற்று முடிந்தபோது அவளுடைய நல்ல நேரம் இரண்டு நிமிடம் பதினாறு வினாடி. கடையில் ஓட்டியதைவிட ஏழு வினாடி அதிகம்.

"பிரேக்கு லேட்டா புடிக்கிது," என்றாள்.

நான் அதைக் கம்ப்யூட்டரைப் பற்றிய புகாராக எடுத்துக்கொண்டேன். நான் சேர்த்த கம்ப்யூட்டர் திணறுகிறது என்று நினைத்தேன். பெட்டியைத் திறந்து கார்டைக் கழற்றித் திரும்பச் செருகினேன். படத்தின் தரத்தைக் குறைத்தேன், மரங்களின் நிழலை எடுத்தேன். கார்டுக்குச் சூடு அதிகமா என்று பார்த்தேன், இல்லை. வினாடிக்கு அறுபது படங்கள் தவறாமல் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் இரண்டு நிமிடம் பதினைந்து. மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. மங்கம்மாள் வைத்த சாதம் ஆறிக்கொண்டிருந்தது. வக்கார் போன் செய்தான், எடுக்கவில்லை.

அம்சவல்லி கோபப்படவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. எஞ்சின் சத்தம் தலைவலிக்கிறது என்று மங்கம்மாள் சொன்னதால், அவள் இயர்போனைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் செருகிக்கொண்டு இன்னும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எதிர் மலையில யாராச்சும் மரம் வெட்டுனா இன்னா ஆவும், சொல்லு."

"கோடாலி எறங்கறது மொதல்ல தெரியும். சத்தம் அப்புறமா வரும்."

"இங்க திருப்பிப் போட்டாமாரி கீது. சத்தம் முன்ன வருது. கோடாலி பின்ன வருது."

இயர்போனை வாங்கிக் காதில் வைத்தேன். கீபோர்டில் பிரேக்குக்கான சாவியைத் தட்டினேன். டயர் கிறீச்சிடும் சத்தம் உடனே கேட்டது. திரையில் காரின் பின்விளக்கு ஒரு கண்ணிமைப்பு கழித்துச் சிவந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் கம்ப்யூட்டரிலிருந்து நேராகக் காதுக்கு வருகிறது. படம் டிவி வழியாக வருகிறது. கம்ப்யூட்டர் தாமதமாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே தாமதமாகியிருக்கும். அதுவரை சத்தமும் டிவியிலிருந்தே வந்ததால் இரண்டும் ஒரே அளவு பிந்தி ஒன்றாக வந்துகொண்டிருந்தன, எங்களுக்குத் தெரியவில்லை. என் கம்ப்யூட்டர் சரியான நேரத்துக்கு வேலை செய்கிறது. பிந்துவது டிவி.

எவ்வளவு பிந்துகிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. என் போனை ஸ்லோமோஷனில் வைத்தேன். அது வினாடிக்கு இருநூற்று நாற்பது படம் பிடிக்கும். அம்சவல்லியின் விரலும் டிவியும் ஒன்றாகத் தெரியும்படி பிடித்துக்கொண்டு அவளைப் பிரேக்கைத் தட்டச் சொன்னேன். பிறகு இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு, விரல் சாவியைத் தொட்ட படத்திலிருந்து விளக்கு சிவந்த படம் வரை எண்ணினோம். முப்பத்து நாலு படங்கள். ஒரு வினாடியில் ஏழில் ஒரு பங்கு. கேட்டால் ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டரில் போகும் கார் ஒரு வினாடியில் இருபத்தைந்து மீட்டர் போகும். ஏழில் ஒரு பங்கு வினாடியில் மூன்றரை மீட்டர். அவள் பிரேக் பிடித்த இடத்துக்கும் பிடித்தது கண்ணுக்குத் தெரிந்த இடத்துக்கும் நடுவில் ஒரு முழுக் காரின் நீளம்.

டிவி அந்த நேரத்தில் என்ன செய்கிறது? அழகுபடுத்துகிறது. டிஷ்ஷிலிருந்து வரும் படம் என்று நினைத்து ஒவ்வொரு படத்தையும் பிடித்து வைத்து, அடுத்ததோடு ஒப்பிட்டு, நடுவில் ஒன்றைத் தானே வரைந்து, நிறத்தைக் கூட்டி, ஓரத்தை வெட்டி, பிறகுதான் வெளியே விடுகிறது. சீரியல் பார்ப்பவருக்கு அது பிந்துவது தெரியவே தெரியாது. காலையில் பாதிக் கடிகாரத்தைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஓரத்தை வெட்டும் டிவி மற்ற வேலைகளையும் செய்துகொண்டுதான் இருக்கும்.

மெனுவில் கேம் என்றொரு வகை இருந்தது, ஆனால் மங்கிக் கிடந்தது, தேர்ந்தெடுக்க முடியவில்லை. மணி இரண்டு இருபது. சோர்ஸை மறுபடி அமுக்கி, துளைகளின் பட்டியலில் நின்று, மற்ற பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒன்றில் பெயர் மாற்றும் கட்டம் திறந்தது. அந்தத் துளையில் என்ன மாட்டியிருக்கிறது என்று டிவி கேட்டது: டிஷ் பெட்டியா, டிவிடியா, பிசியா. பிசி என்று வைத்தேன்.

திரை ஒரு தடவை கறுத்துத் திரும்பி வந்தது. நாலு ஓரமும் இருந்தது, கடிகாரம் முழுதாக இருந்தது. பெயர் மட்டும்தான் மாற்றினேன், ஆனால் வெளியே நிற்பது யார் என்று தெரிந்ததும் டிவி அழகுபடுத்துவதை விட்டுவிட்டது. மறுபடி படம் பிடித்தோம், மறுபடி எண்ணினோம். பதினொன்று. நான் நம்பாமல் இன்னொரு தடவை எண்ணினேன். பதினொன்றேதான். மூன்றரை மீட்டர் ஒரு மீட்டர் சொச்சமாகிவிட்டது.

"இன்னாடி இது, படம் வெளுத்துப் போச்சி," என்றார் மங்கம்மாள்.

அந்தத் துளைக்கு மட்டும்தான் அப்படி, உங்கள் சீரியல் பழைய நிறத்திலேயே வரும் என்று டிஷ்ஷுக்கு மாற்றிக் காட்டினேன். அவர் ஒரு பாட்டு முழுவதையும் பார்த்துத் திருப்தியான பிறகுதான் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மூன்று மணிக்கு அம்சவல்லியின் போன் இண்டர்நெட் கொடுத்தது, என் போனில் நதியா வீடியோவில் வந்தாள். அம்சவல்லி சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். முதல் சுற்று இரண்டு நிமிடம் பன்னிரண்டு. என்ன நடந்தது என்று பார்த்துக்கொண்டிருந்தபோதே தெரிந்தது. காலை முழுக்கப் பிந்தும் டிவியில் ஓட்டியதால் அவள் விரல் முன்கூட்டியே பிரேக் பிடிக்கப் பழகிவிட்டது. இப்போது டிவி பிந்தவில்லை, விரல்தான் முந்துகிறது. அவளிடம் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். அவளே விரலை உதறிக்கொண்டு, "யோசிக்காம, அடிவாரத்துக்கு ஸ்கூட்டி ஓட்றாமாரி ஓட்றேன்," என்றாள். இரண்டாவது சுற்று இரண்டு நிமிடம் பத்து வினாடியும் கொஞ்சமும்.

மூன்றாவது சுற்று. மூன்றாவது வளைவில் அவள் பிரேக்கைத் தொட்டது என் கண்ணுக்கே பிந்தித்தான் தெரிந்தது, அவ்வளவு தள்ளித் தொட்டாள். கார் சுவரை உரசாமல், ஒரு கை அகலம் விட்டுத் திரும்பியது. அர்ச்சுனன் உட்கார்ந்த இடத்திலேயே உடம்பை வளைத்தார். கோட்டைத் தாண்டியபோது மேல் மூலையில் கடிகாரம் நின்றது. முழுக் கடிகாரம். இரண்டு நிமிடம் ஏழு புள்ளி ஒன்பது வினாடி.

எங்கள் கடை மானிட்டரில்கூட அவள் அப்படி ஓட்டியதில்லை.

நதியா கொஞ்ச நேரம் எதையோ எழுதினாள். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்குப் பயிற்சி, அணிச் சட்டைக்கு அளவு அனுப்பு என்றாள். பிறகு, எந்த மானிட்டர் என்று கேட்டாள்.

"மானிட்டர் இல்லக்கா," என்றாள் அம்சவல்லி. "எங்கம்மா டிவி. கம்ப்யூட்டரு இதோ இவ செஞ்சது." போனை என் பக்கம் திருப்பினாள். நான் துவாலையும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன்.

தினமும் ஆறிலிருந்து ஏழு வரை மட்டும் என்று மங்கம்மாள் நேரம் குறித்துக் கொடுத்தார். ஏழரைக்கு அவருடைய சீரியல். முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேல் ஒட்டியிருந்த பொட்டு அட்டையிலிருந்து நீலப் பொட்டு ஒன்றை எடுத்து, ஒட்டு பிய்ந்து சொரசொரப்பாக இருந்த சோர்ஸ் பொத்தானில் அழுத்தி வைத்தார்.

ஆறிய சாதத்தைச் சாப்பிட்டுவிட்டு, வக்காருக்குத் திரையின் படத்தை அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. நாலு மணிப் பேருந்துக்கு என்னைக் கொண்டுபோய்விட அம்சவல்லி ஸ்கூட்டியை வெளியே எடுத்தபோது, பக்கத்து வீட்டுக்காரரை உள்ளே கூட்டிவந்திருந்தார் அர்ச்சுனன். ரிமோட் அர்ச்சுனன் கையில் இருந்தது. நீலப் பொட்டில் கட்டைவிரல்.

"படம் போச்சி பாரு," என்றார். அமுக்கினார். "எங்கியும் போவல. அடுத்த சன்னல்ல கீது. இப்ப பாரு."